படத்தில் இல்லாத அக்கா

மச்சை, அந்த மாடி ரூமைப் பாக்கதுக்குத்தான வந்திய? முகத்தைப் பாத்தாலே தெரியுதே. போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பேரு வந்தாவ. அதுக்கு முந்தி ஒரு புருஷன் பொண்டாட்டி, கல்யாணம் முடிஞ்ச புதுசு, திருச்செந்தூர் போற வழியில இறங்கி அந்த ஜன்னலுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாவ. கல்யாணம் முடிஞ்சவங்க நிக்க இடமா அது? பேய்ப் படத்துல வார ஜன்னலு. நான் ஒண்ணும் சொல்லல. எடுத்துக்கிடுங்கன்னு விட்டுட்டேன்.

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இங்கன உக்காருங்க. மச்சு எங்கயும் ஓடிராது, பெறகு பாக்கலாம். காப்பி போடட்டா? வேண்டாம்னு சொல்லப்படாது. வீட்டுல ஒரு ஆளு உக்காந்து காப்பி குடிச்சு எத்தனையோ நாளாச்சு.

பேய்ப் படம்னு சொன்னா அந்த டைரக்டர் பரிதிக்குக் கோவம் வந்துரும். "பேய்ப் படம் இல்ல ஆன்ட்டி, சைக்கலாஜிக்கல் த்ரில்லர்"ம்பாரு. மனசுக்குள்ள இருக்க பயத்தைப் பத்தின படமாம். பெரிய கம்பெனி கிடையாது, பேரு தெரிஞ்ச நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது. கூட்டாளிங்க அஞ்சாறு பேரு சேந்து எடுத்தாவ. 'வெளித்தாழ்'னு பேரு வச்சாவ. நீங்க பாத்திருக்கிய, உங்களுக்கு நான் சொல்லணுமா.

ஆனா ஒண்ணு. அந்தப் படத்துல வாரானே, ஒத்தையில மச்சுல கிடந்து படம் வரையுதானே, அது என் தம்பி. எபனேசர். எபின்னு கூப்பிடுவோம். என் பேரு பியூலா. இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேருதான். அம்மாவும் அப்பாவும் ரொம்ப முந்தியே போய்ச் சேந்துட்டாவ. படத்துல அவனுக்கு யாருமே இல்லைன்னு காட்டுதாவல்லா? ஒரு சொந்தம் இல்ல, பந்தம் இல்ல, கூடப் பிறந்த ஒரு பிறவி இல்ல. நான் இருந்தேன் தம்பி. முப்பது வருஷத்துக்குக் கிட்ட நான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வச்சேன்.

சின்னதுல இருந்தே அவன் வரைவான். சுவர்ல, தரையில, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுல. அப்பா அடிச்சுப் பாத்தாவ, கேக்கல. கடைசியில மெட்ராஸ்ல ஓவியம் படிக்க அனுப்பி வச்சோம். நான் அப்ப டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டர். ஒருநாள் போர்டுல உக்காந்திருக்கேன், மெட்ராஸ்ல இருந்து டிரங்க் கால் வருது. "பாளையங்கோட்டையில பியூலான்னு ஒருத்தங்க வேணும்"னு ஒரு குரலு. நாந்தான் பியூலா, சொல்லுங்கன்னேன். எனக்கு வந்த காலை நானே எடுத்தேன், பாத்துக்கிடுங்க. ஹாஸ்டல் வார்டன். உங்க தம்பி ரூமை உள்ள பூட்டிக்கிட்டுத் திறக்கவே மாட்டேங்கான், சாப்பிடல, பேசல, கதவை உடைக்கப் போறோம்னாரு.

அப்படியே எழுந்திருச்சுப் போனேன் தம்பி. சீலை மாத்தல. ஒத்தையில அவ்வளவு தூரம் ரயில் ஏறினதே அன்னைக்குத்தான். அங்க போயி பாத்தா ஒரு மூலையில குத்தவச்சு உக்காந்திருக்கான். என்னையப் பாத்தும் பேசல. சென்ட்ரலும் தெரியாது எழும்பூரும் தெரியாது எனக்கு. யார் யாரையோ கேட்டு ரயில்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். வழி பூரா என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். இருபத்தி நாலு வயசு ஆம்பளை. மதுரை வந்தும் விடல, கோவில்பட்டி வந்தும் விடல. தண்ணி பிடிக்க இறங்கக்கூட விடல. அந்தப் பிடியை நினைச்சா இப்பவும் எனக்கு இங்கன வலிக்கும்.

ஊரு என்ன சொல்லும்? கோட்டி, பைத்தியம்னு சொல்லிரும். ஒரு தடவை சொல்லிட்டா முடிஞ்சுது. அதனால யாருக்கும் தெரியாம டாக்டர்ட்ட காட்டினேன். நல்ல மனுஷன். மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "கொஞ்ச நாளைக்கு அமைதியா இருக்கட்டும்மா, ஆளு கூட்டம் வேண்டாம்"னாரு. கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. பெறகு அவரும் செத்துப்போனாரு. அதனால அதுவே எங்களுக்குக் கடைசிப் பேச்சா நின்னுபோச்சு.

நான் எந்தக் குறையும் வைக்கல தம்பி. மச்சு ரூம் முழுசையும் அவனுக்கு விட்டுக் கொடுத்தேன். நல்ல வெளிச்சம் வரும். கீழ இறங்கவே வேண்டாம்னு மேலயே பாத்ரூம் கட்டிக் கொடுத்தேன். பெயின்ட், தூரிகை, துணி எல்லாம் மதுரைக்குச் சொல்லிவிட்டு வாங்கிப் போட்டேன். ஹாஸ்டல்ல உள்ள பூட்டிக்கிட்டான்லா, அந்தப் பயத்துல உள்தாழை மட்டும் கழட்டிட்டேன். வெளித்தாழ் மட்டும்தான். நான் ஆபீஸ் போகும்போது வெளிய தாழ் போட்டுட்டுப் போவேன். இல்லைன்னா எவனாவது வந்து கதவைத் தட்டுவான், இவன் பயந்து போவான். வெளிய தாழ் போட்டிருந்தா உள்ள ஆளு இல்லைன்னு போயிருவாவல்லா? அவனும் ஒருநாளும் ஏன் போடுதன்னு கேட்டது கிடையாது.

மூணு வேளையும் தட்டுல சோறு வச்சு, இன்னொரு தட்டால மூடி, கதவுக்கு வெளிய வச்சுட்டு தாழைத் திறந்து விட்டுருவேன். வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது உள்ள போகமாட்டேன். அந்த அளவுக்கு அவன் வேலைக்கு மரியாதை கொடுத்தேன்.

எனக்கும் சம்பந்தம் வந்துது. ஏன் வராது? கவர்மெண்டு வேலை. தூத்துக்குடியில ஹார்பர்ல வேலை பாத்த ஒருத்தரு, வந்து பாத்தாரு, எல்லாம் பிடிச்சுப்போச்சு. தம்பியும் எங்ககூடத்தான் இருப்பான்னு சொன்னேன். யோசிச்சுச் சொல்லுதோம்னு போனாவ. இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காவ. சிரிக்கியளா? சிரிங்க. நானும் சிரிச்சிருக்கேன். எபிகிட்ட இதைப் பத்தி நான் சொன்னதே இல்ல. சொன்னா அவன் மனசு உடைஞ்சிரும்.

ஹெலன்னு ஒரு பிள்ளை. பிள்ளை என்ன, அவளுக்கே முப்பத்தஞ்சு இருக்கும். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர். புருஷன்காரன்கூடச் சரியில்லைன்னு பிரிஞ்சு வந்திருந்தா. சர்ச்சுல பழக்கம். எனக்கும் வரையச் சொல்லிக் கொடுப்பாவளான்னு கேட்டா. எபியும் சரின்னான், நானும் சரின்னேன். சனிக்கிழமை சாயங்காலம் வருவா. கீழ இருந்து கேட்டா மேல சிரிப்புச் சத்தம் கேக்கும். எபி சிரிப்பான் தம்பி! எனக்குச் சந்தோஷம்தான். பெறகு பாத்தா இவன் சரியாச் சாப்பிடல. தட்டு பாதி அப்படியே இருக்கு. ராத்திரி நடந்துக்கிட்டே இருக்கான், கீழ எனக்குக் கேக்குது. பாட்டு வேற முணுமுணுக்கான். மெட்ராஸ்லயும் இப்படித்தான ஆரம்பிச்சிருக்கும்? யாரு பாத்தா?

அடுத்த சனிக்கிழமை அவ வந்தப்ப வாசல் கேட்டுலயே நிறுத்தினேன். "எபிக்கு உடம்பு சரியில்லம்மா, யாரையும் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு"ன்னேன். அதுக்கு அடுத்த வாரமும் வந்தா. மழை. குடையோட நின்னா. "பாக்க வேண்டாம் அக்கா, நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா. சொல்லுதேன்னேன். இவன் ராத்திரி கேட்டான், "ஹெலன் வரலையா?"ன்னு. "வரலையே"ன்னேன். அதுக்குப் பெறகு அவன் கேக்கவே இல்ல. நல்லாச் சாப்பிட்டான். தட்டு காலியா வெளிய வந்துரும். பாத்தியளா, நான் நினைச்சது சரியாப் போச்சு.

சரி, படத்துக்கு வாரேன்.

எங்க சர்ச்சுக்கு ஒரு படம் வரைஞ்சு கொடுத்தான் எபி. கடல்ல படகு போற மாதிரி. அதைப் பாத்துட்டு யாரு வரைஞ்சதுன்னு விசாரிச்சுக்கிட்டு இந்தப் பரிதி வந்து நின்னாரு. தாடி, நீங்க போட்டிருக்க மாதிரி ஒரு சட்டை. முதல்ல நான் உள்ளயே விடல. மறுபடியும் வந்தாரு. சாப்பாட்டு நேரம். வாசல்ல நிக்க மனுஷனை எப்படி விடுதது? சாப்பிடுங்கன்னேன். என் மீன் கொழம்பை ஒரு ஆளு இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்ல தம்பி. எபி சாப்பிடுவான், ஒரு வார்த்தை சொல்லமாட்டான். இவரு விரலை நக்கிக்கிட்டு "ஆன்ட்டி, இந்த மாதிரிச் சாப்பாட்டை நான் வாழ்க்கையில சாப்பிட்டதில்ல"ங்காரு. விட்டுட்டேன். மேல போங்கன்னு நாந்தான் அனுப்பினேன்.

பெறகு அடிக்கடி வந்தாரு. மேல போனா மணிக்கணக்கா பேச்சு. பரிதி பேசுத சத்தம் இல்ல, எபி பேசுத சத்தம்! கீழ இருந்து என்ன பேசுதான்னு புரியாது, முணுமுணுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். என்கூட வருஷம் பூரா பேசின பேச்சைச் சேத்தாலும் அவ்வளவு வராது. டீ கொண்டுக்கிட்டு நான் மேல போவேன். படியில பாதி ஏறுததுக்குள்ள பேச்சு நின்னுரும். டீயை வச்சுட்டு "என்னல பேசுதிய?"ன்னு கேப்பேன். "சும்மா, படக் கதை"ம்பான்.

அப்படித்தான் கதை உருவாச்சு. இங்கனயே எடுக்கணும்னாவ. எடுங்கன்னேன். வீடு பூரா ஒயரு, லைட்டு. ஓவியனா நடிக்கதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு தம்பி வந்தாரு. ஆளு நல்ல உசரம், ஆனா தூரிகையைக் கரண்டி மாதிரிப் பிடிப்பாரு. அதனால கை மட்டும் எபி கை. நீங்க பாத்தியல்லா, பக்கத்துல காட்டும்போது வார கை எல்லாம் எங்க எபிதான். தியேட்டர்ல முகத்தைப் பாத்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அந்தக் கையைப் பாத்ததும் அழுதுட்டேன்.

நானும் அந்தப் படத்துக்கு வேலை செஞ்சிருக்கேன், தெரியுமா? யாருக்கும் தெரியாது. சவுண்ட் எடுக்கதுக்கு மிருதுளான்னு ஒரு பிள்ளை வந்திருந்தா. காதுல பெருசா மாட்டிக்கிட்டு, "ஆன்ட்டி, நீங்க எப்பவும் போடுத செருப்பைப் போட்டுக்கிட்டு மச்சுப்படி ஏறுங்க"ன்னா. அது என்ன அவ்வளவு பெரிய விஷயம்னு ஏறினேன். "இல்ல ஆன்ட்டி, நடிக்காதீங்க, தினமும் சாப்பாடு கொண்டு போறப்ப எப்படி ஏறுவீங்களோ அப்படி"ன்னா. சரின்னு தட்டைக் கையில எடுத்துக்கிட்டே ஏறினேன். மேல போயி கதவுக்கு முன்னால ஒரு நிமிஷம் நின்னேன். "ஏன் நின்னீங்க?"ன்னு கேட்டா. "தம்பி உள்ள தூங்குதானா, வரையுதானா, நடக்கானான்னு காது கொடுத்துக் கேட்டுட்டுதான் தாழைத் திறப்பேன். என்னைக்கும் அப்படித்தான்"னேன். அந்தப் பிள்ளை என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. "அதே மாதிரி இன்னொரு தரம் நில்லுங்க ஆன்ட்டி"ன்னா. அன்னைக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினேன், முட்டி வீங்கிப்போச்சு. ஓரத்துல எபி நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். எண்ணெய் தேய்க்கட்டா அக்கான்னு கேட்டிருக்கலாம். கேக்கல. உள்ள போயிட்டான். அவனுக்கு அதெல்லாம் தோணாது.

படம் எடுத்து முடிச்சாவ. கலர் சரியா வந்திருக்கான்னு எபி வந்து பாக்கணும், ரெண்டு நாளு மெட்ராஸ் வரட்டும்னு பரிதி கேட்டாரு. மாட்டேன்னேன். எபி வந்து என் முன்னால நின்னான். "போயிட்டு வாரேன் அக்கா"ன்னான். கேக்கல பாத்துக்கிடுங்க, சொன்னான். அந்தக் குரலு எனக்குப் புதுசு. மாத்திரையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். எப்ப எப்பப் போடணும்னு பரிதிகிட்டச் சொல்லிக் கொடுத்தேன். முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

வரல தம்பி.

போன் மட்டும் வந்துது. "அக்கா, நான் கொஞ்ச நாள் இங்கன இருக்கேன்." எத்தனை நாளுலன்னேன். "கொஞ்ச நாள்"னான். பெறகு தூத்துக்குடியில ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கான்னு பரிதி சொன்னாரு. இந்தா இருக்க தூத்துக்குடி, பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அங்க வந்து இருக்கவன் இங்கன வர மாட்டேங்கான். போன் அடிச்சா எடுப்பான். "சாப்பிட்டியா"ம்பேன், "சாப்பிட்டேன்"ம்பான். "மாத்திரை?"ம்பேன். "டாக்டர் நிறுத்திட்டாரு"ம்பான். எந்த டாக்டருன்னா சொல்லமாட்டான். ராத்திரி எனக்கு உறக்கம் வராது. மேல நடமாட்டச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும். பழகிப்போச்சுல்லா.

அப்பத்தான் சர்ச்சுல ஒரு பிள்ளை போன்ல காட்டினா. 'வெளித்தாழ்' படத்தைத் திருநெல்வேலியில ஒரு தியேட்டர்ல மத்தியானம் ஒரே ஒரு காட்சி போடுதாவன்னு. எனக்கு யாரும் சொல்லல. டைரக்டரு மறந்திருப்பாரு, அவருக்கு ஆயிரம் வேலை. நானே டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போனேன். நல்ல பட்டுச்சீலை கட்டிக்கிட்டுப் போனேன், என் வீடு படத்துல வருதுல்லா.

உள்ள பூரா காலேஜ் பிள்ளைங்க. என் பக்கத்துல ஒரு பிள்ளை, ஒத்தையில வந்திருந்தா. படம் ஆரம்பிச்சுது. நான் பாத்ததைச் சொல்லுதேன், சரியான்னு நீங்க சொல்லுங்க. ஒரு ஓவியன். ஒத்தையில மச்சுல இருக்கான். கீழ யாரோ இருக்கு. யாருன்னு காட்டமாட்டேங்காவ. தினமும் படியில செருப்புச் சத்தம் வருது. கதவுக்கு வெளிய வந்து நிக்கு. மூச்சு விடுத சத்தம் கேக்கு. பெறகு தட்டு வைக்க சத்தம், தாழ் திறக்க சத்தம். இவன் திறந்து பாத்தா யாருமில்ல, மூடின தட்டு மட்டும் இருக்கு. இவன் வரையுத பொம்பளைப் படத்துல நாளுக்கு நாளு முகம் மாறிக்கிட்டே போகுது. கடைசியில இவன் தாழை உடைச்சுக்கிட்டு ஓடுதான், படியில இறங்கிப் பாத்தா கீழ ஒண்ணுமே இல்ல, வெறும் வீடு. அவ்வளவுதான?

அந்தச் செருப்புச் சத்தம் வாரப்ப எல்லாம் தியேட்டரே மூச்சு விடல. எனக்கும் பயமாத்தான் இருந்துது, பொய் சொல்லுவானேன். என் செருப்புதான், என் காலுதான், நானே ஏறினதுதான். தெரிஞ்சும் பயமா இருந்துது. அந்தப் பேய்க்கு என் சத்தத்தை வச்சிருக்காவ, சௌகரியத்துக்கு. பக்கத்துல இருந்த பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கை ஐஸ் மாதிரி இருக்கு. "பயப்படாதம்மா, படம்தான, நான் இருக்கேன்"ன்னேன். படம் முடியுத வரைக்கும் என் கையை அவ விடல.

நடுவுல ஒரு இடம். மழை பெய்யுது. கீழ கேட்டுல ஒரு பொம்பளை வந்து நிக்கா. யாரோ அவகிட்ட மெதுவாப் பேசுதாவ, என்ன பேசுதாவன்னு கேக்கல. அவ திரும்பிப் போறா. மச்சு ஜன்னல்ல நின்னு இவன் பாக்கான். அவனுக்குத் தெரியுதது குடை மட்டும்தான். குடை அந்தத் தெரு முக்கு வரைக்கும் போகுது. இவன் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். அது எபி கை. எனக்கு அழுகையை அடக்க முடியல. ஐயோ, யாருல இந்தப் பாவத்தைச் செஞ்சதுன்னு இருந்துது.

அது எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு தெரியல. எபி அன்னைக்கு ஜன்னல்லயா நின்னான்? நின்னிருக்கமாட்டான். நின்னிருந்தா கேட்டிருப்பான்லா? எல்லாப் படத்துலயும் ஒரு பொம்பளை வரத்தான செய்வா. அப்படி எழுதியிருப்பாரு பரிதி.

சரி, படம் முடிஞ்சுது. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுதாவ. மேடையில பரிதி ஏறினாரு. பின்னாலயே எபி ஏறுதான். எனக்கு உயிரே வந்துபோச்சு. முடியை வெட்டியிருக்கான். மெலிஞ்சிருக்கான், ஆனா நேரா நிக்கான். எபின்னு கூப்பிட்டுருக்கணும், முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டே இருந்துட்டேன். பரிதி மைக்ல, "இந்தப் படம் இவரோட வாழ்க்கை. இவரு எங்கிட்ட எல்லாத்தையும் திறந்து சொன்னாரு"ன்னாரு. ஒரு பையன் எந்திரிச்சுக் கேட்டான், "சார், அத்தனை வருஷமும் உங்களுக்குக் குடும்பம்னு யாரும் இல்லையா?"ன்னு.

எபி மைக்கை வாங்கினான். "இல்ல. ஒத்தையிலதான் இருந்தேன்"னான்.

பக்கத்துப் பிள்ளை "பாவம்லா ஆன்ட்டி"ன்னா. ஆமா, பாவம்னேன்.

வேற என்ன சொல்ல? பட்டுச்சீலையைக் கட்டிக்கிட்டு அத்தனை பேருக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு நாந்தான் அவன் அக்கான்னு கத்தவா? கூட்டத்தை விலக்கிக்கிட்டு வெளிய வாரதுக்குள்ள காருல ஏறிப் போயிட்டாவ. நான் அங்கன இருந்தது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். கூட்டத்துல பேசிப் பழக்கமில்லாதவன், வாய் தவறியிருக்கும். ஆனாலும் தம்பி, வீட்டுக்கு வந்து சோறு இறங்கல. முப்பது வருஷம். ஒரு வார்த்தை, 'ஒரு அக்கா இருந்தா'ன்னு ஒரு வார்த்தை. படத்துல வேண்டாம், மேடையிலயாவது சொல்லியிருக்கலாம்.

நேர்ல கேட்டுருவோம்னு தூத்துக்குடி பஸ் ஏறினேன். ஞாயித்துக்கிழமை, சர்ச்சு முடிஞ்சு. வெறுங்கையோட போகமுடியுமா, அவனுக்குப் பிடிச்ச மீன் வறுத்து எடுத்துக்கிட்டேன். பழைய ஹார்பர் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல ரூம். படியில ஏறுதேன், மேல ஒரே பேச்சும் சிரிப்புமா இருக்கு. எபி சத்தமாப் பேசுதான். வேற ரெண்டு மூணு குரல். மேல போயி கதவுக்கு முன்னால நின்னேன். எப்படியோ உள்ள பேச்சு நின்னுபோச்சு. நான் தட்டவே இல்ல தம்பி. கதவு திறந்துருச்சு. எபி நிக்கான். அக்கா வந்திருக்கான்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதோ. ஒரே ரத்தம்லா.

உள்ள இருந்தவங்க ஹார்பர்ல வேலை பாக்காவளாம், ஞாயித்துக்கிழமை வரையப் படிக்க வாராவளாம். "எங்க அக்கா"ன்னான் எபி. பாத்தியளா, சொன்னான்லா! அவங்க எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டு ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாவ. ரூமைப் பாத்தேன். சின்ன ரூம்தான். ரெண்டு ஜன்னல், ரெண்டும் திறந்து கிடக்கு. சுவர் பூரா படம். எல்லாத்துலயும் ஆளுங்க. இங்கன இருந்த வரைக்கும் அவன் ஆளையே வரைஞ்சதில்ல, கடலும் படகுமாத்தான் வரைவான்.

"உக்காருக்கா, டீ போடுதேன்"னான். அவனுக்கு டீ போடத் தெரியும்னு எனக்குத் தெரியாது தம்பி. இஞ்சி தட்டிப் போட்டான். நல்லா இருந்துது. என் வாழ்க்கையில அவன் கையால நான் வாங்கிக் குடிச்சது அது ஒண்ணுதான். குடிக்கக் குடிக்கக் கண்ணுல தண்ணி வருது. அவன் பாக்காத மாதிரி இருந்தான்.

கேட்டுட்டேன். "ஒத்தையிலயா இருந்த நீ? அப்ப நான் யாருல?"

கிளாசைக் கீழ வச்சான். "நீ வந்திருந்தியா?"ன்னான். வந்திருந்தேன்னேன். "படம் முழுசும் பாத்தியா?" பாத்தேன். "பயந்தியா?"ன்னான். ஆமால, பயந்தேன்னேன். அவன் என்னைய நிமிந்து பாத்தான். எதையோ எதிர்பாத்த மாதிரி பாத்துக்கிட்டே இருந்தான். "ஆனா என்னைய ஒரு இடத்துலகூடக் காட்டலையேல"ன்னேன்.

அதைக் கேட்டதும் அவன் தோள் தொங்கிப்போச்சு. "நீ இல்லாம அந்தப் படமே இல்லக்கா"ன்னான்.

அது போதும்லா தம்பி? நான் சோறு போட்டேன், நான் காப்பாத்தினேன், அதனாலதான ஓவியன் ஆனான், அதனாலதான படம் வந்துது. மேடையில சொல்ல மறந்ததை நேர்ல சொல்லிட்டான். எனக்கு அந்த நிமிஷமே மனசு ஆறிப்போச்சு. "வீட்டுக்கு வாரியால? மச்சைக் கூட்டிப் பெருக்கித்தான் வச்சிருக்கேன்"னேன். "இல்லக்கா"ன்னான். "நான் செத்தா வருவியா?"ன்னேன், கோவத்துல. "அக்கா"ன்னான். அழுதான்னு நினைக்கேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். ரோட்டுல அவன் நடக்கதைப் பாத்து எனக்கு ஆச்சரியம். கூட்டத்துக்குள்ள புகுந்து புகுந்து போறான், யார் யாரோ வணக்கம் சொல்லுதாவ, இவனும் சொல்லுதான். நான்தான் பின்தங்கிப் போனேன், ஒரு இடத்துல அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன், லாரி வந்துது. பஸ்ல ஜன்னலோரம் இடம் பிடிச்சு உக்கார வச்சான். தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தான். "முட்டி வலிக்கா?"ன்னு கேட்டான் தம்பி. கேட்டான்! இல்லன்னேன். "அடிக்கடி வாரேன்"ன்னேன். தலையை ஆட்டினான், சரின்னானா, வேண்டாம்னானான்னு தெரியல, அப்படி ஆட்டினான்.

டிரைவர் ஏறி உக்காந்தாரு. எபி கீழ நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். முகமெல்லாம் ஒரே இறுக்கம், பாவம், அக்கா போறான்னு. வண்டி ஸ்டார்ட் ஆகி, மெதுவா நகந்து, வெளிய திரும்புது. நான் தலையை நீட்டித் திரும்பிப் பாக்கேன். அவன் நிக்கான். அந்த இறுக்கமெல்லாம் எங்கயோ போயிருச்சு. நெஞ்சு பூரா மூச்சை இழுத்து விடுதான். முகம் அப்படியே மலர்ந்து கிடக்கு. சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவானே, அந்த முகம். எத்தனை வருஷமாச்சு நான் அந்த முகத்தைப் பாத்து!

எவ்வளவு சந்தோஷம் பாத்தியளா அவனுக்கு, அக்கா வந்துட்டுப் போனதுல. பஸ் பூரா நான் அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். அந்தச் சந்தோஷம் எனக்காகத்தான இருக்கும் தம்பி? ஏன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிய? வேற எதுக்கு இருக்கும், சொல்லுங்க.